மூன்று நைட்ரஜன்

கண்ணாடி முகப்பு கொண்ட பெட்டி. முகப்பில் இரண்டு வட்டத் துளைகள். துளைகளில் பொருத்திய கறுப்பு ரப்பர் கையுறைகள் வெளிப்பக்கம் பார்த்து விறைத்து நிற்கின்றன. உள்ளே ஆர்கான் வாயு, வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில். ஆக்சிஜனை அளக்கும் சிறு திரையில் 0.4 என்று சிவப்பு எண். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மாணவி மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறாள். பிறகு கைக்கடிகாரம். முதலில் வலது கை நுழைகிறது, பிறகு இடது. ரப்பர் உட்பக்கம் திரும்பும்போது முனகுகிறது. அழுத்தமானியின் முள் ஏறுகிறது. தரையில் ஒரு மிதி. குனிந்து பார்க்காமலே அவள் கால் அதைக் கண்டுபிடிக்கிறது. முள் இறங்குகிறது. அவள் காத்திருக்கிறாள்.

உள்ளே தராசு, ஸ்பாட்டுலா, காந்தக் கலக்கி, மூடி இறுகிய குப்பிகள். மூலையில் ஒரு பழுப்புச் சீசா. லேபிளில் மார்க்கர் பேனாவால் மூன்றே எழுத்து: டிபிடி. முழுப்பெயர் ட்ரைஅசாபைசைக்ளோடெசீன். இந்த அறையில் யாரும் அதை முழுதாகச் சொல்வதில்லை.

சீசாவுக்குள் வெள்ளைத் தூள். குவானிடின் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றில் வைத்தால் ஈரத்தை இழுக்கும். கார்பன் டை ஆக்சைடையும் விடாது. பெட்டியும் ஆர்கானும் சிவப்பு எண்ணும் அதற்காகத்தான்.

ஆர்கான் உலர்ந்தது. நிலைமின்சாரம் உண்டு. தூள் ஸ்பாட்டுலாவிலிருந்து தாவிக் குப்பியின் கழுத்தில் ஒட்டிக்கொள்கிறது. அவள் குப்பியைச் சுண்டுகிறாள். தராசின் கடைசி இலக்கம் அலைகிறது. 13.5. 13.7. 13.6. இன்னும் ஒரு துளி தூள். 14.1. ஸ்பாட்டுலாவின் நுனியால் கொஞ்சம் திரும்ப எடுக்கிறாள். 13.9 மில்லிகிராம். எண் நிற்கிறது. அவள் தோள்கள் தளர்கின்றன.

பத்து மில்லிலிட்டர் டைகுளோரோமீத்தேன். தூள் கரைகிறது. இந்தக் கரைசல் இன்றைக்கு மட்டும்தான். நாள்கணக்கில் வைத்தால் டிபிடி கரைப்பானோடே வினைபுரியத் தொடங்கிவிடும். குப்பியின் மூடியில் தேதி எழுதுகிறாள்.

பக்கத்துக் குப்பியில் ஒரு கிராம் லாக்டைடு, ஏற்கெனவே கரைந்த நிலையில். லாக்டிக் அமிலத்தின் இரு மூலக்கூறுகள் நீரை இழந்து வளையமாகச் சேர்ந்த பொருள் அது. அந்த வளையங்கள் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் பாலிலாக்டிக் அமிலம். உடலுக்குள் தானே கரையும் தையல் நூல், முப்பரிமாண அச்சுப்பொறியின் இழை, மட்கும் குவளை எல்லாம் அதிலிருந்து வருகின்றன. சங்கிலியைத் தொடங்கிவைக்க ஏழரை மில்லிகிராம் பென்சைல் ஆல்கஹால். நூறு லாக்டைடுக்கு ஓர் ஆல்கஹால். ஆயிரம் லாக்டைடுக்கு ஒரு டிபிடி.

சிரிஞ்சில் 0.7 மில்லிலிட்டர். அதற்குள் இருக்கும் டிபிடி ஒரு மில்லிகிராம்கூட முழுதாக இல்லை.

கண்ணாடிக்கு வெளியே இளைய மாணவன். கையில் கைப்பேசி. கட்டைவிரல் திரைக்கு மேல் தயாராக. அவள் தலையசைக்கிறாள். சிரிஞ்சின் தண்டு இறங்குகிறது.

நிறம் மாறவில்லை. குமிழி இல்லை. காந்தத் துண்டு அதே வேகத்தில் சுற்றுகிறது. கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான்.

"அக்கா, முப்பது."

இரண்டாவது சிரிஞ்சு. பென்சாயிக் அமிலம். வினை நின்றது.

குளிர்ந்த மெத்தனால் நிறைந்த முகவைக்குள் குப்பியைக் கவிழ்க்கிறார்கள். இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. வெண்மை திரள்கிறது, கீழே இறங்குகிறது, மெத்தனாலை நிறைக்கிறது. இளைய மாணவன் முகவையை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடிக்கிறான். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறான்.

கலிபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மாடென் ஆய்வுக்கூடமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் 2006இல் இந்த வினையை வெளியிடுகின்றன. ஜேம்ஸ் ஹெட்ரிக், ராபர்ட் வேமவுத், அவர்களது குழுவினர். அறை வெப்பம். உலோகம் துளியும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது.

மூலக்கூறின் அமைப்பைக் காந்தத்தால் காட்டும் என்எம்ஆர் கருவியின் அறைக்கு வெளியே வரிசை. மெல்லிய கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிற மூடி. முன்னால் நான்கு பேர். அவள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். உள்ளே காந்தம் திரவ ஹீலியத்தில் அமிழ்ந்து கிடக்கிறது. முறை வருகிறது. குழாய் காற்று மெத்தையில் மிதந்து உள்ளே இறங்குகிறது. திரையில் கோடு வரைகிறது. 5.05 அருகே லாக்டைடுக்கு ஓர் உச்சி. அது சுருங்கிக் கிடக்கிறது. 5.16 அருகே சங்கிலியின் உச்சி. அது நிமிர்ந்து நிற்கிறது. அவள் இரண்டின் பரப்பையும் அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறாள். அடிக்கோடு இடுகிறாள்.

அலமாரியின் மேல்தட்டில் டிபிடியின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று. கறுப்புக் குண்டு கார்பன், நீலக் குண்டு நைட்ரஜன். தூசி படிந்திருக்கிறது. இளைய மாணவன் அதை எடுத்துச் சட்டை நுனியால் துடைக்கிறான்.

நடுவில் ஒரு கறுப்பு. அதைச் சுற்றி மூன்று நீலம். கவண்கட்டை வெட்டுவதற்கு மரத்தில் தேடும் கவையின் உருவம். குவானிடின் என்றாலே இந்தக் கவைதான். புரோட்டான் ஒன்று வந்து ஒரு நைட்ரஜனில் அமர்கிறது. அதனோடு வரும் நேர்மின் சுமை ஓரிடத்தில் தங்குவதில்லை. மூன்று நைட்ரஜன்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சுமை பரவுவதால் வந்த புரோட்டான் எளிதில் போவதில்லை.

சுவரில் ஒரு பட்டியல், பழைய மாணவர் யாரோ ஒட்டியது. நான்கு மூலையிலும் செலோடேப் மஞ்சளாகிவிட்டது. அசிட்டோநைட்ரைலில் காரங்களின் வலிமை. ட்ரைஎத்திலமீன் 18.8. டெட்ராமெத்தில்குவானிடின் 23.3. டிபிடி 26.0. முதலுக்கும் கடைசிக்கும் ஏழு படி. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஒரு கோடி மடங்குக்கும் மேல். கடைசி எண்ணைச் சுற்றி யாரோ பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள். வேறு யாரோ அதன்மேல் இன்னொரு வட்டம்.

ஆனால் வலிமை மட்டும் காரணமல்ல. பழுப்புச் சீசாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சீசா இருக்கிறது. எம்டிபிடி. அதே கவை, அதே இரட்டை வளையம். ஒரு நைட்ரஜனில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் மெத்தில் தொகுதி. வலிமை 25.5. அரைப் படிதான் குறைவு. லாக்டைடை அது மெதுவாகக் கோக்கிறது. காப்ரோலாக்டோன் வளையத்தைத் தனியாகத் திறக்கவே முடிவதில்லை. தயோயூரியா துணை வேண்டும்.

இளைய மாணவன் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ஒரு நீலக் குண்டில் காலி இடம். அடுத்த நீலக் குண்டில் வெள்ளை ஹைட்ரஜன். இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. காலி இடம் ஆல்கஹாலின் புரோட்டானை இழுக்கிறது. வெள்ளைக் குண்டு லாக்டைடின் ஆக்சிஜனைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்று எடுக்க, மற்றொன்று கொடுக்க, நடுவில் இரு மூலக்கூறுகள் நேருக்கு நேர் வருகின்றன. வளையம் திறக்கிறது. டிபிடி இரண்டையும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. 2006இல் முதலில் சொன்ன விளக்கம் வேறு: டிபிடியே வளையத்தைத் தாக்கித் தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது என்பது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்த கணினிக் கணக்கீடுகள் இந்த இரு கை வேலைக்கே ஆதரவாக நிற்கின்றன. எம்டிபிடியில் மெத்தில் வந்து உட்கார்ந்தது அந்த இரண்டாவது கையின் மேல்.

அவன் வெள்ளைக் குண்டைப் பிடுங்குகிறான். மறுபடி செருகுகிறான். மறுபடி பிடுங்குகிறான்.

1861. ஜெர்மன் வேதியியலர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர். மேசையில் குவானோ, கடற்பறவைகளின் எச்சம். பெருவின் தீவுகளிலிருந்து கப்பல் கப்பலாக உரத்துக்காக ஐரோப்பா வந்திறங்கும் சரக்கு. அதிலிருந்து பிரித்த குவானினை அவர் ஆக்சிஜனேற்றம் செய்கிறார். கிடைப்பது குவானிடின். அதன் படிகத்தைப் பிடித்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்க்க யாராலும் முடியவில்லை. ஈரம் கண்டால் கரைகிறது. 2009இல் ஜெர்மனியின் ஆகென் நகரில் அந்தப் படம் கிடைக்கிறது. இடையில் 148 ஆண்டுகள்.

அதே ஸ்ட்ரெக்கர், 1850. ஆல்டிஹைடு, அம்மோனியா, ஹைட்ரஜன் சயனைடு. மூன்றும் சேர்ந்து அலனின் என்ற அமினோ அமிலம். வினைக்கு அவர் பெயரே நிற்கிறது. ஆனால் அவர் குடுவையில் வலக்கை வடிவமும் இடக்கை வடிவமும் சரிபாதி. 1999இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஈ. ஜே. கோரியும் மைக்கேல் குரோகனும் ஸ்ட்ரெக்கர் வினைக்கு ஒரு வினையூக்கியைப் போடுகிறார்கள். இரட்டை வளையக் குவானிடின், சமச்சீராக இரு பக்கமும் பீனைல் தொகுதிகள். ஒரு கை வடிவம் மற்றதைவிட அதிகமாக வருகிறது. ஸ்ட்ரெக்கரின் இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே குடுவைக்குள் சந்திக்கின்றன.

மதியம் ஒரு மணி. தாழ்வாரத்து பெஞ்சில் ஆய்வக உதவியாளர் டிபன் பாக்ஸைத் திறக்கிறார். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டை. வெள்ளை மாத்திரை ஒன்றைப் பிதுக்கி எடுக்கிறார். மெட்ஃபார்மின், 500 மில்லிகிராம். ஒரு வாய் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு விழுங்குகிறார்.

இரண்டு குவானிடின்கள் ஒரு நைட்ரஜனைப் பகிர்ந்துகொண்டால் பைகுவானைடு. மெட்ஃபார்மின் அந்த வகை. ஐரோப்பிய வயல்களில் ஊதாப் பூ பூக்கும் கலேகா என்ற செடியில் கலேகின் என்ற குவானிடின் இருக்கிறது. மருந்தின் கதை அங்கே தொடங்குகிறது. 1957இல் பாரிசில் ஜான் ஸ்டெர்ன் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதுகிறார். உதவியாளருக்கு அட்டையின் விலையும் வேளையும் தெரியும். அட்டையை மடித்துப் பைக்குள் வைக்கிறார்.

பைகுவானைடுகள் உலோகத்தையும் பிடிக்கும். செம்பு உப்பின் கரைசலில் விட்டால் நீலம் மறைந்து ரோஜா நிறம் எழுகிறது. கொல்கத்தாவில் பிரியதாரஞ்சன் ராய் இந்த அணைவுச் சேர்மங்களில் பல ஆண்டுகள் செலவிடுகிறார். வெள்ளி வழக்கமாக ஓர் எலெக்ட்ரானை இழப்பதோடு நிற்கும். அவர் 1940களில் எத்திலீன் டைபைகுவானைடு என்ற ஈனியால், அதாவது உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறால், அதை மூன்று இழந்த நிலையில் நிறுத்திக் காட்டுகிறார். சிவப்பு உப்பு. வழக்கமாக நிலைக்காதது சீசாவில் இருக்கிறது. 1961இல் இந்தத் துறை முழுவதையும் அவர் ஒரு நீண்ட கட்டுரையில் அடக்குகிறார். ஸ்ட்ரெக்கரின் குவானிடினுக்கு அப்போது வயது நூறு.

படிக அறை. குளிர். நுண்ணோக்கியின் கீழ் ஒரு துளி எண்ணெய். எண்ணெய்க்குள் படிகங்கள். மாணவி ஊசிமுனையால் ஒன்றை ஒதுக்குகிறாள். விளிம்பு உடைந்தது. வேண்டாம். அடுத்தது இரட்டையாக ஒட்டியது. வேண்டாம். மூன்றாவதைக் கண்ணுக்குத் தெரியாத நைலான் வளையத்தில் ஏந்துகிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடக்கிறாள். கருவியின் முனையில் பொருத்துகிறாள். நைட்ரஜன் ஓடை படிகத்தின்மேல் விழுகிறது. 100 கெல்வின். அவள் மூச்சு வெளியே வருகிறது.

இந்தப் படிகத்தில் குவானிடின் புரோட்டானுக்குப் பதில் உலோகத்தைப் பிடித்திருக்கிறது. ஈனியின் வேலை. செம்பு ஓர் எலெக்ட்ரானை இழந்த நிலையில் நான்முகியாகச் சுற்றம் வைத்துக்கொள்ளும். இரண்டு இழந்தால் தட்டையாக விரியும். நிலை மாறும்போதெல்லாம் உருவமும் மாறியாக வேண்டும். அதற்கு நேரமும் ஆற்றலும் செலவு. 2014இல் சோன்யா ஹெரெஸ்-பாவ்லிஸ் குழு குவானிடினும் குயினோலினும் சேர்ந்த ஈனி ஒன்றைக் காட்டுகிறது. அது செம்பை இரண்டு உருவங்களுக்கும் நடுவில் நிறுத்தி வைக்கிறது. எலெக்ட்ரான் போனாலும் வந்தாலும் சுற்றம் அதிகம் அசைவதில்லை. உயிருள்ள செல்களில் செம்புப் புரதங்கள் செய்வது இதைத்தான்.

அதே ஹெரெஸ்-பாவ்லிஸ், ஆகென், 2019. இந்த முறை இரும்பு. தொழிற்சாலைகள் லாக்டைடை உருக்கி அதில் வெள்ளீய உப்பைப் போடுகின்றன. வெள்ளீயம் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். மட்கும் குவளை மண்ணில் மட்கும்போது அதுவும் மண்ணுக்குப் போகும். குவானிடின் பிடித்த இரும்பு அந்த இடத்தைக் கேட்கிறது. உருகிய லாக்டைடு, 150 டிகிரி. கூடுதலாகச் சுத்திகரிக்காத சரக்கு. இரும்பு வேகமாகவே ஓடுகிறது. இரும்பு மண்ணில் ஏற்கெனவே இருப்பது.

டெக்சாஸ், 2002. ஆல்பர்ட் காட்டன் குழுவின் மூலக்கூறு. இரண்டு டங்ஸ்டன் அணுக்கள், இடையே நான்மடிப் பிணைப்பு. அவற்றைச் சுற்றி நான்கு டிபிடி. ஒவ்வொன்றும் தன் ஹைட்ரஜனை இழந்து, இரு நைட்ரஜன்களால் இரு டங்ஸ்டனையும் பிடித்திருக்கிறது. நான்கும் எலெக்ட்ரானை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தனிமங்களில் எலெக்ட்ரானை மிக எளிதாக விடுவது சீசியம். அதற்கு 3.89 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். இந்த மூலக்கூறு 3.51இலேயே விடத் தொடங்குகிறது. சயன்ஸ் இதழில் அந்த இரண்டு எண்களும் வெளியாகின்றன.

டென்னசி மாநிலம், ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம். ஒரு கண்ணாடிப் பாத்திரம். தண்ணீரில் கரைத்த குவானிடின் சேர்மம். நடுவில் பிரிடின் வளையம், இரு புறமும் இமினோகுவானிடின் கரங்கள். தண்ணீரிலிருந்து சல்ஃபேட்டைப் பிடிக்க ராடு குஸ்டெல்சான் குழு இவ்வகைச் சேர்மங்களை உருவாக்கி வந்தது. பாத்திரத்துக்கு மூடி இல்லை.

படிகங்கள் வளர்கின்றன. பட்டகங்கள், விளிம்பு கூர்மையாக. எக்ஸ்-கதிர் காட்டுவது சல்ஃபேட் அல்ல. கார்பனேட். அறைக்காற்றில் பத்து லட்சத்தில் 400 பங்கு அளவுக்கே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. குவானிடின் கரங்கள் அதைக் கார்பனேட்டாகப் பிடித்து நீர் மூலக்கூறுகளோடு சேர்த்துப் படிகமாக அடுக்கியிருக்கின்றன. பழுப்புச் சீசாவை எதனிடமிருந்து காக்கப் பெட்டிக்குள் பூட்டுகிறார்களோ, அதையே இங்கே வரவேற்கிறார்கள்.

படிகத்தை 80 முதல் 120 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். கார்பன் டை ஆக்சைடும் நீரும் வெளியேறுகின்றன. குவானிடின் பழையபடி மிஞ்சுகிறது. மறுபடி தண்ணீர், மறுபடி காற்று. 2017இல் கட்டுரை வெளிவருகிறது. பிடிப்பது யாராலும் முடியும். குறைந்த சூட்டில் விடுவதுதான் இந்தத் தொழிலில் விலை பெறுவது.

மாலை நான்கு. ஃபியூம் ஹூட்டுக்குள் எண்ணெய்த் தொட்டி. பக்கத்தில் கத்தரிக்கோலும் காலிக் குளிர்பான பாட்டில்களும். இளைய மாணவன் லேபிளை உரிக்கிறான். பசை ஒட்டிய இடத்தைத் தனியே வெட்டி எறிகிறான். மீதியை விரல் நகம் அளவுக்குத் துண்டாக்குகிறான். பச்சைச் செதில்கள் தட்டில் குவிகின்றன. கத்தரிக்கோல் பிடித்த கட்டைவிரலில் சிவந்த தழும்பு.

பாலிஎத்திலீன் டெரிப்தலேட். லாக்டைடுச் சங்கிலியைப் போலவே எஸ்டர் இணைப்புகளால் ஆனது. கோக்கத் தெரிந்த வினையூக்கிக்கு அவிழ்க்கவும் தெரியும். 2011இல் அல்மாடென் குழு எத்திலீன் கிளைகாலையும் டிபிடியையும் சேர்த்து 190 டிகிரியில் பாட்டில் செதில்களைக் கரைக்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் டிபிடி நீண்டநாள் தாங்குவதில்லை. 2018இல் ஸ்பெயினின் சான் செபாஸ்டியனிலிருந்து வரும் மாற்று: டிபிடியோடு சமபங்கு மெத்தேன்சல்ஃபோனிக் அமிலம். உப்பு. 400 டிகிரிக்கு மேலும் சிதையாதது.

காலையில் ஒரு சிரிஞ்சு அமிலம் வினையை நிறுத்தியது. மாலையில் அமிலமே துணை. புரோட்டானை ஏற்ற குவானிடின் எஸ்டரின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. அமிலத்தின் எஞ்சிய பகுதி கிளைகாலை இழுக்கிறது. இரு கை வேலை இரண்டு மூலக்கூறுகளுக்குப் பிரிகிறது. வேகம் குறைகிறது. ஆயுள் கூடுகிறது.

தெர்மாமீட்டர் 180. செதில்களின் விளிம்பு முதலில் மழுங்குகிறது. பிறகு ஓரங்கள் ஒளி ஊடுருவிப் போகின்றன. மாணவி வருகிறாள், பார்க்கிறாள், போகிறாள். மறுபடி வருகிறாள். கடைசிச் செதில் கலக்கியின் சுழலில் இரண்டு சுற்று சுற்றிக் காணாமல் போகிறது. பச்சைத் திரவம் மட்டும்.

வெந்நீர் ஊற்றி, வடிகட்டி, குளிரவைக்கிறார்கள். வெண்மையான ஊசிகள் வளர்கின்றன. பாட்டில் செய்வதற்கு முன்பு இருந்த மூலப்பொருள். பச்சை திரவத்திலேயே தங்கிவிட்டது. வெற்றிட பம்பு இரைகிறது. வடிதாளில் ஊசிகள் உலர்கின்றன. அவள் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, லென்ஸில் பார்த்து, தாளோடு தராசுக்குக் கொண்டுபோகிறாள்.

வடிநீரை யாரும் கொட்டுவதில்லை. அதிலிருந்து தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். மிஞ்சுவது கிளைகாலும், அதில் கரைந்திருக்கும் அந்த உப்பும். சான் செபாஸ்டியனில் ஐந்து முறைக்கு மேல் அதே உப்பை ஓட்டியிருக்கிறார்கள். இளைய மாணவன் அடுத்த தட்டை நீட்டுகிறான். இந்த முறை நிறமற்ற செதில்கள். குடுவையின் வாய் அகலம் போதவில்லை. சில செதில்கள் விளிம்பில் மாட்டிக்கொள்கின்றன. மாணவி கண்ணாடிக் கோலால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுகிறாள். குறிப்பேட்டில் 'நான்காம் சுற்று' என்று எழுதிவிட்டுக் குமிழை 180க்குத் திருப்புகிறாள்.